கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கலாமா?

கேள்வி:

ஐயா, எங்களுக்கு ஊர் குலசேகரத்துக்குப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு வயசு 56. முப்பது வருஷமா ரப்பர் பால்வெட்டுதான் தொழில். இடது கன்னத்துக்கு உள்பக்கம் புண்ணு வந்து, புற்றுநோய்னு தெரிஞ்சு, திருவனந்தபுரத்துல ஆபரேஷன் பண்ணினாங்க. நெஞ்சிலிருந்து சதை எடுத்துக் கன்னத்துல வச்சாங்க. கழுத்துலயும் நெறிகட்டினதை எல்லாம் எடுத்தாங்க. பிறகு 30 நாள் கரண்ட் வச்சாங்க. அது முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப அதே பக்கம் கீழ்த்தாடையில ஒரு கடைவாய்ப்பல் வலிக்குது, ஆடவும் செய்யுது. பக்கத்துல பல் டாக்டரைப் பார்த்தோம். "ஆடுற பல்லுதானே, பிடுங்கிரலாம், நாளைக்கு வாங்க"ன்னாரு. கரண்ட் வச்சதைச் சொல்ல நாங்களும் மறந்துட்டோம். என் நாத்தனார்தான், கரண்ட் வச்ச இடத்துல கையே வைக்கக் கூடாதுன்னு தடுத்துட்டா. வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்கல. எச்சில் ஊறல, ராத்திரி நாலு தடவை தண்ணி குடிக்க எழும்புறாரு. கழுத்துத் தோல் கறுத்துப் பலகை மாதிரி ஆயிட்டு. கன்னத்துக்கு உள்ள வெள்ளையா ஒண்ணு தெரியுது, மறுபடியும் வந்திருக்குமோன்னு பயம். இடது கையைத் தூக்க முடியல. எப்பவும் சோர்வு. பொயலையை விட்டுட்டாரு, வெறும் பாக்கு மட்டும் எப்பவாவது. நோய் போயிட்டுன்னா பிறகு ஏன் இந்த மனுஷன் பழையபடி ஆகல?

பதில்:

அன்புள்ள சகோதரி,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அந்தப் பல்லை இப்போது ஊரில் பிடுங்க வேண்டாம். கதிர்வீச்சு (நீங்கள் கரண்ட் என்று எழுதியிருப்பது) கொடுத்த மருத்துவமனைக்கு இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, கதிர்வீச்சு விவரம் எழுதின தாள் இரண்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பல் ஆடுவது வெறும் ஈறு நோயாக இருக்கலாம். கதிர்வீச்சால் தாடை எலும்பு பலவீனப்பட்டதாக இருக்கலாம். நோய் அந்தப் பக்கம் திரும்ப வந்ததாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறியாமல் யாரும் குறடு எடுக்கக் கூடாது. உங்கள் நாத்தனார் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தடுத்த நேரம் சரியான நேரம். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நான் வாய், தாடை அறுவைச் சிகிச்சை மருத்துவன். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இத்தனை வருஷமும் வேலை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எத்தனையோ வீட்டுப் பெண்கள் என் அறை வாசலில் நின்று, உள்ளே இருக்கும் ஆளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. இப்போது சொல்கிறேன். பல்லைப் பற்றிய பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

கரண்ட் வைத்து எரித்தார்கள் என்று நம் பக்கம் சொல்கிறோம். அங்கே மின்சாரமும் உடம்புக்குள் பாய்வதில்லை, எதுவும் எரிவதுமில்லை. அந்தக் கதிர் செல்லின் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. இழை அறுந்த செல் உடனே செத்துவிடாது. அது இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் சாகும். புற்றுச் செல் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பது, அறுந்த இழையை ஒட்டிக்கொள்ளும் திறமையும் அதற்குக் குறைவு. நல்ல செல்லுக்கு ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்தால் அறுந்ததில் பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். உங்களை 30 நாள் அலையவிட்டது இதற்காகத்தான். வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு 2 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆக மொத்தம் 60 கிரே. ஆபரேஷனுக்குப் பிறகு வைக்கும்போது பெரும்பாலும் இதுதான் கணக்கு. அவருக்குச் சரியாக எவ்வளவு என்பது அந்தத் தாளில் இருக்கும்.

நல்ல செல் எல்லாம் ஒரே வேகத்தில் பிரிவதில்லை. வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல் ஒன்றிரண்டு வாரத்தில் முழுசாகப் புதுசாகிவிடும். அத்தனை வேகமாகப் பிரிவதால் கதிர்வீச்சில் முதலில் அடிபடுவதும் அதுதான். மூன்றாவது வாரத்தில் அவருக்கு வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித்தண்ணிகூட இறங்காமல் கிடந்தது உங்களுக்கு ஓர்மை இருக்கும். அதே வேகத்தால்தான் கரண்ட் முடிந்த ஒரு மாதத்துக்குள் அந்தப் புண் ஆறியும் இருக்கும். அதைப் பார்த்து எல்லாம் ஆறிவிட்டது என்று வீட்டில் நிம்மதி வந்துவிடுகிறது.

ஆனால் அடியில் மெதுவாகப் பிரியும் செல்கள் இருக்கின்றன. நுண்ணிய ரத்தக் குழாயின் உள்சுவர், எலும்பை உண்டாக்கும் செல், இவற்றுக்கு அவசரம் கிடையாது. அவை பிரியும் காலம் வரும்போதுதான் பழைய அடி வெளியே தெரியும். அது ஆறு மாதத்திலும் வரலாம், இரண்டு வருஷத்திலும் வரலாம், அதற்குப் பின்னும் வரலாம். குழாயின் சுவர் தடித்து உள்வழி குறுகும், சில அடைந்தே போகும். காயத்தை ஆற்ற வந்த நார்ச் செல்கள் வேலை முடிந்தும் ஓயாமல் நார் பின்னிக்கொண்டே இருக்கும். கழுத்து பலகையானதும் வாய் திறக்காமல் போனதும் அந்த நாரால்தான். ரத்தம் குறைவு, செல் குறைவு, பிராணவாயு குறைவு என்று இந்த மூன்றையும் சேர்த்து 1983இல் அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர் விளக்கினார். நார் பின்னுவதுதான் இதில் முக்கியம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு ஆறும் சக்தி குறைந்துவிட்டது என்பதில் இரண்டு தரப்புக்கும் பேதமில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு இதை ஒரே வரியில் புரியவைக்கலாம். பால் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். மரத்தை ஒட்டிய கடைசி மெல்லிய அடுக்கைத் தொடாமல் விட வேண்டும், அதிலிருந்துதான் புதுப்பட்டை வளரும். கத்தி ஆழமாக இறங்கி அந்த அடுக்கில் காயம் பட்டால் மரம் சாகாது, பட்டையும் வளரும். ஆனால் முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காகக் கத்தி ஓடாது. அவர் தாடையிலும் நோயைக் கொல்லப் போன கதிர் அந்தக் கடைசி அடுக்கைத் தொட்டிருக்கிறது. தொடாமல் நோயைக் கொல்ல வழி இருக்கவில்லை. யாரும் தவறு செய்ததாக எண்ண வேண்டாம். கழுத்து நெறிகளில் நோய் இறங்கியிருந்தால் ஆபரேஷன் மட்டும் போதாது, கதிர்வீச்சும் சேர்ந்தால்தான் திரும்ப வரும் வாய்ப்பு குறையும்.

இப்போது பல்லுக்கு வருகிறேன்.

மேல்தாடைக்குப் பல பக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது. கீழ்த்தாடை பெரும்பாலும் எலும்புக்கு உள்ளேயே ஓடும் ஒரு ரத்தக் குழாயை நம்பி இருப்பது, எலும்பும் நெருக்கமானது. நல்ல தாடையில் பல்லைப் பிடுங்கினால் குழியில் ரத்தம் உறையும், இரண்டு மூன்று வாரத்தில் மேலே சதை மூடும், சில மாதத்தில் உள்ளே எலும்பு நிரம்பும். கதிர்வீச்சு பட்ட தாடையில் அந்த உறைவே சரியாக நிற்காமல் போகலாம். சதை மூடாது, எலும்பு வெளியே தெரியும், எச்சிலிலும் உணவிலும் உள்ள கிருமி அதில் இறங்கும். மூன்று மாதமாகியும் மூடாமல் எலும்பு தெரிந்தால், கதிர்வீச்சால் எலும்பு செத்துவிட்டது என்று அதற்குப் பெயர் வைக்கிறோம். முற்றினால் தாடை முறியும். பிறகு தாடையையே வெட்டி எடுத்து, காலிலிருந்து எலும்பு கொண்டுவந்து வைக்கிற பெரிய ஆபரேஷன்வரை போகும்.

என் கையாலேயே ஒருவருக்கு இது நடந்தது. படிப்பு முடித்து வந்த புதிதில் கடலோர ஊரிலிருந்து ஒரு மீனவர் வந்தார். கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது, இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அவர் தாடைக்கு அடியில் தோல் கறுத்திருந்ததைக் கடல் வெயில் என்று எண்ணிக்கொண்டேன். நரைத்த தாடியில், கன்னத்திலிருந்து கழுத்துவரை, அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ஓர் எல்லை இருந்தது. அதற்கு முன்னால் முடி, பின்னால் ஒரு முடிகூட இல்லை. கதிர்வீச்சு வைத்த இடத்தின் எல்லை அது. பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார். பல் இருந்த குழி மூடவில்லை. உள்ளே மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் எலும்பு தெரிந்தது. கருவி நுனியால் தொட்டேன். ஓட்டில் தட்டியது போல 'டக்'கென்று கேட்டது. உயிருள்ள எலும்பைச் சுரண்டினால் ரத்தம் கசியும். அதில் ஒரு பொட்டுகூட வரவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கழுவுவது, மருந்து, திருவனந்தபுரத்துக்கு அலைச்சல். ஏழாவது மாதம் ஒரு காலையில் வந்து, மாத்திரைக் கடைக் காகித உறையைப் பிரித்துக் காட்டினார். அண்டிப்பருப்பில் (முந்திரிப்பருப்பில்) பாதி அளவுக்கு ஓர் எலும்புத் துண்டு, பூச்சி அரித்த மரம்போல ஓட்டை ஓட்டையாக. சோறு தின்னும்போது தானாகக் கழன்று வந்ததாம். அது வந்த பிறகுதான் சதை மூடியது, தாடை தப்பியது. ஆனால் அந்த ஏழு மாதமும் அவர் கடலுக்குப் போகவில்லை, அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை. அதற்குக் காரணம் நான் ஒரு கேள்வி கேட்காதது. அன்றிலிருந்து எவர் பல்லை எடுப்பதற்கு முன்னாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கரண்ட் வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன். எந்த மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள். ஒரு தாளில் 'இடது கன்னம், கழுத்து, கதிர்வீச்சு, இத்தனை கிரே, முடிந்த மாதம் இது' என்று எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். இந்த ஆபத்து ஒன்றிரண்டு வருஷத்தில் தீர்வதில்லை. பத்து வருஷம் கழித்துப் பல் எடுத்தாலும் அந்தத் தாள் வேண்டும்.

அப்படியானால் அந்தத் தாடையில் ஒருநாளும் பல் எடுக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. நாத்தனாருடைய பயம் சரிதான், அளவுதான் கொஞ்சம் கூடுதல். கீழ்த்தாடையில் 50 கிரேயோ அதற்கு மேலோ கதிர்வீச்சு பெற்று, பிறகு பல் எடுக்கவோ செயற்கைப் பல்லுக்காக எலும்பில் திருகு வைக்கவோ வேண்டியிருந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019இல் பிரிட்டனிலிருந்து வெளியானது. எல்லோருக்கும் முன்பின் ஆன்டிபயாடிக்கும் கிருமி கொல்லும் வாய் கொப்பளிப்பும் கொடுத்து, முறையாகச் செய்தார்கள். பாதிப் பேருக்குக் கூடுதலாக அழுத்தமேற்றிய ஆக்ஸிஜன் அறைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் எலும்பு பாதிப்பு வந்தது அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதம், போகாதவர்களில் 5.7 சதவீதம். அதாவது திட்டமிட்டுச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. அந்த அறையால் கூடுதல் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. யாராவது பெரிய ஊரில் ஆக்ஸிஜன் அறை இருக்கிறது, நகையை அடகு வைத்தாவது போங்கள் என்றால், பல் எடுப்பதற்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம்.

கதிர்வீச்சு கொடுத்த மருத்துவமனையில் முதலில் தாடை முழுவதும் தெரியும்படி எக்ஸ்ரே எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் சி.டி. எடுப்பார்கள், சதையில் ஏதாவது கெட்டியாகத் தட்டுப்பட்டால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். வெறும் பல் கோளாறுதான் என்று தெரிந்தால், எடுக்காமல் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். வேர் சிகிச்சை செய்து, தேவைப்பட்டால் ஈறுக்கு மேல் தெரியும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடலாம். பல் ரொம்ப ஆடினால் இது நடக்காது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே தடவையில் நாலைந்தை எடுக்காமல், எலும்பை அதிகம் தொடாமல் எடுத்து, கூர்மையான விளிம்பை மழித்து, ஈறை இழுத்து மூடித் தையல் போடுவோம். பென்டாக்ஸிஃபைலின் என்ற மாத்திரையும் வைட்டமின் ஈ-யும் சேர்த்து முன்னும் பின்னும் சில வாரம் கொடுக்கிற மருத்துவர்களும் உண்டு. ஆனால் ரத்தம் நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் அதைக் கொடுக்க முடியாது. நீங்களாக மருந்துக் கடையில் வாங்க வேண்டாம். பிறகு சதை முழுக்க மூடும்வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் உடனே போக முடியாவிட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டாவது போங்கள்.

போகும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போதும். கிராம்புத் தைலமோ, காந்துகிற எந்த எண்ணெயோ அந்தப் பல்லில் ஊற்ற வேண்டாம், புகையிலைத் தூளும் கூடவே கூடாது. வலிக்குப் பொயலைத் தூள் அடைத்துக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். இந்தத் தோலுக்கு அது தாங்காது.

கன்னத்துக்குள் தெரியும் வெள்ளையைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது நெஞ்சுத் தோல். நெஞ்சிலிருந்து தசையை எடுக்கும்போது அதன் மேலிருக்கும் தோலையும் சேர்த்தே எடுத்துக் கன்னத்தில் பதிப்பார்கள். அந்தத் தோல் வாய்க்குள் எத்தனை வருஷம் இருந்தாலும் நெஞ்சுத் தோலாகத்தான் இருக்கும், ஈரத்திலேயே ஊறி வெளுத்துத் தெரியும். சில ஆண்களுக்கு அதில் முடிகூட முளைக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். வெளுப்பு ஒரே சீராக, தையல் போட்ட எல்லைக்குள் மட்டும் இருக்கிறதா? அப்படியென்றால் பயம் குறைவு. அந்த எல்லை ஓரத்தில் தடித்து மேடாக இருந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ, தொட்டால் ரத்தம் வந்தாலோ, கழுத்தில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, அந்தப் பக்கக் காதுக்குள் குத்து வலி வந்தாலோ, கீழுதடு மரத்துப்போனாலோ மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். வாய்ப்புற்று திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வரும். அவர் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். செக்கப்பை விட வேண்டாம் என்று அவர்கள் சொல்வது இதனால்தான். டார்ச்சில் நீங்கள் பார்ப்பது மருத்துவர் பார்ப்பதற்கு ஈடாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வெறும் பாக்கு மட்டும் எப்பவாவது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மனம் பதறியது. புகையிலையை விட்டது பெரிய காரியம், இத்தனை வருஷப் பழக்கத்தை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் பாக்கு வெறும் பாக்கு அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உறுதிசெய்தது. போதாததற்கு, பாக்கு தானே வாய்த் தோலுக்கு அடியில் நார் கட்டச் செய்யும். இடது கன்னத்தில் கதிர்வீச்சு நாரைக் கட்டிவிட்டது. மிச்சமிருக்கிற நல்ல வலது கன்னத்தையும் பாக்கு கொண்டுபோய்விட்டால் வாய் திறக்கவே வழியிருக்காது.

நம் மாவட்டத்துக்கு இது இன்று நேற்று வந்த துயரம் இல்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஒரு மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இலேயே லண்டனின் லான்செட் இதழில் எழுதினார். அப்போது நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். அந்த நாளிலேயே அங்கே ரேடியம் வைத்து வாய்ப்புற்றுக்கு வைத்தியம் நடந்தது. இன்றைக்கும் என் அறைக்கு வருகிறவர்களிடம் "எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" என்று கேட்டால், விரல் வைத்துக் காட்டுகிற இடத்திலேயே புண் இருக்கிறது. கல்யாண வீட்டில் தட்டு நீட்டினால் அவர் எடுக்காமல் இருக்க, பக்கத்தில் நீங்களோ பிள்ளைகளோ உட்காருங்கள்.

எச்சில் விஷயம். எச்சில் சுரப்பிகள் கதிர்வீச்சைத் தாங்காதவை, முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்கும். வலது பக்கச் சுரப்பிக்குக் குறைவாகப் பட்டிருந்தால் இரண்டு வருஷம்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஊறி, பல்லைக் கழுவிக்கொண்டிருந்த எச்சில் இப்போது இல்லை. அதனால் பல் ஈறோரத்தில் வளையம் போல வேகமாகச் சொத்தை விழும், சில மாதத்தில் பல் ஒடிந்தே போகும். அடுத்த பல்லையும் எடுக்க வேண்டிய நிலை வராமல் தடுப்பது இங்கேதான் இருக்கிறது. பல் அச்சு எடுத்து மெல்லிய தட்டு செய்து, அதில் 1.1 சதவீத சோடியம் புளோரைடு ஜெல் தடவித் தினமும் ஐந்து நிமிடம் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள், இதை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பும் கால் ஸ்பூன் ஆப்பச்சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொப்பளிக்கட்டும். வாய் காய்கிறதே என்று அக்கானி, சர்பத், மிட்டாய் என்று கொடுத்தால் அந்த இனிப்பு பல்லிலேயே தங்கும், வெறும் தண்ணீரை வாய் நனைய நனையக் குடிப்பது நல்லது. சாப்பாட்டில் மரச்சீனியை நன்றாக வேகவைத்து மசித்து, புளியும் மிளகாயும் குறைத்துத் தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பில் குழைத்துக் கொடுங்கள். உடம்பு தேற மீனும் முட்டையும் வேண்டும், கஞ்சி மட்டும் போதாது.

சோர்வை வயசு என்று விட வேண்டாம். கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தைராய்டு சுரப்பு குறைகிறது. டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, ஆறு மாதமோ ஒரு வருஷமோ இடைவெளியில் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும். குறைந்திருந்தால் தினம் ஒரு மாத்திரையில் சரியாகும். கை தூக்க முடியாதது, கழுத்து நெறிகளை எடுக்கும்போது தோளுக்குப் போகும் நரம்பு இழுபட்டதாலோ அறுந்ததாலோ வருவது. பால்வெட்டுக்காரருக்குத் தோள் இல்லாவிட்டால் தொழில் இல்லை, ஆகவே பிசியோதெரப்பியைக் கட்டாயம் கேளுங்கள்.

இதைப் படிக்கும் வேறு வீடுகளில் யாருக்காவது இனிமேல்தான் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால், தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே பல் மருத்துவரிடம் காட்டி, காப்பாற்ற முடியாத பல்லை அப்போதே எடுத்துவிடுங்கள். அந்தக் குழிகள் ஆறிய பிறகு கதிர்வீச்சு தொடங்கினால் இந்தக் கடிதத்தில் உள்ள பாதித் துன்பம் வராது.

கடைசியாக வாய் திறப்பு. எலும்பில் சிக்கல் இல்லை, நோயும் திரும்பவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு இதைத் தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். ஐஸ் குச்சிகள் ஒரு கட்டு வாங்குங்கள். கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வலது பக்க நல்ல பற்களுக்கு நடுவில் எத்தனை நுழைகிறதோ அத்தனையை வையுங்கள். இழுப்பு தெரிய வேண்டும், வலியில் கண்ணீர் வரக் கூடாது. அரை நிமிடம் வைத்து எடுத்து, ஐந்து தடவை. இப்படி ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. அந்த எண்ணிக்கை சுலபமானதும் நடுவில் ஒரு குச்சி கூடுதலாகச் செருக வேண்டும். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அவரவர் விரலில் மூன்று விரல் நுழைவதுதான் நல்ல வாய், இவருக்கு ஒரு விரல் பாக்கி இருக்கிறது. கட்டின நார் கரையாது, ஆனால் இழுத்துக்கொண்டே இருந்தால் இன்னும் இறுகாமல் நிற்கும், கொஞ்சம் இளகவும் செய்யும். ஒரு வாரம் விட்டால் பெற்றதெல்லாம் போகும். பால் அளவு எழுதி வைத்த பழைய நோட்டு வீட்டில் கிடக்கும். அதில் தேதி போட்டு, இன்றைக்கு எத்தனை குச்சி என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.